கன்றுக்குப் பால்குடி மறக்கடிக்க: ஒன்றிரண்டு மாடு வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

ஒன்றோ இரண்டோ மாடு கட்டியிருக்கும் வீட்டில், கன்றுக்குப் பாலை எப்போது நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் சொசைட்டிக்கு ஊற்றும் பாலின் கணக்கே முடிவு செய்கிறது. "மூணு மாசம் ஆச்சுல்ல, தள்ளிக் கட்டு" என்பார்கள். கன்று தீவனம் தின்னக் கற்றுக்கொண்டதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பால் குறைவதற்கு முன்பே தீவனம் வயிற்றில் இறங்கியிருக்க வேண்டும். இந்த வரிசை தவறும்போதுதான் கன்று எலும்பு தெரிய மெலிந்து, மயிர் சிலிர்த்து, வயிறு மட்டும் தொங்கிப்போய் நிற்கிறது. அப்படி நின்றுபோன கிடேரி பருவத்துக்கு வருவதும் வெகுவாகத் தள்ளிப்போகும். கீழே உள்ளவை இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வழிகள்.

1. பால் மறக்கடிக்கும் வேலை கன்று பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது. பிறந்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் முதல் நாள் மட்டுமே அப்படியே உறிஞ்சும். அதிலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அந்தத் திறன் மளமளவென்று குறையும். 25 கிலோ கன்றுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் உண்டு. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கன்று முட்டிக் குடிப்பதே நஞ்சு விழவும் உதவும். அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுத்தனுப்புவது கன்றின் வயிறு நிறைந்த பிறகு இருக்கட்டும்.

2. கன்றின் வயிற்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை எளிது. மாட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள். பிறந்த கன்றுக்கு நான்காவது அறைதான் பெரியது. குடிக்கும் பால் ஒரு தனிப் பள்ளத்தின் வழியாக முதல் அறையைத் தொடாமல் நேரே அங்கே போய்விடும். அசைபோடும் முதல் அறை அப்போது சிறிய பை மட்டுமே. வளர்ந்த மாட்டில் அதுவே மொத்த இரைப்பையில் சுமார் எண்பது சதவீதம். அந்தப் பையை வளர்ப்பது பால் அல்ல, அரைத்த தானியத் தீவனம். தானியம் உள்ளே புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான், சத்தை உறிஞ்சும் சிறு விரல் போன்ற முளைகளைப் பையின் உட்சுவரில் வளரச் செய்கின்றன. வைக்கோலும் புல்லும் மட்டும் தின்றால் பை பெரிதாகும், முளைகள் வளராது. வயிறு தொங்கி, உடம்பு தேறாத கன்றுகளின் கதை இதுதான்.

3. எனவே இரண்டாவது வாரத்திலேயே கன்றுத் தீவனத்தைக் காட்டத் தொடங்குங்கள். வீட்டில் கலப்பதானால் நூறு கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளமோ கம்போ 50, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் கன்றுக்கு வேண்டவே வேண்டாம். பால் குடித்து முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் தடவுங்கள்; சப்பும் ஆசை அடங்காத அந்த நேரத்தில் எதையும் சப்பிப் பார்க்கும். கைப்பிடி அளவு மட்டும் தட்டில் வையுங்கள். மறுநாள் மீதியைத் தாய்க்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள். எச்சில் பட்டுப் புளித்த தீவனத்தைக் கன்று முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

4. பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். பால் நான்காவது அறைக்குப் போய்விடுவதால் முதல் அறை காய்ந்தே கிடக்கும். அங்கே தானியம் புளிக்கத் தண்ணீர் வேண்டும். முதல் வாரத்திலிருந்தே சிறிய வாளியில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஒரு கிலோ தீவனத்துக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத கன்று தீவனத்தைத் தொடாது.

5. பசுந்தீவனத்தில் இளசாகவும் இலையாகவும் இருப்பதே கன்றுக்கு ஏற்றது: அகத்தி, வேலிமசால், குதிரைமசால், இளம் கம்பு நேப்பியர். கடலைக்கொடி கிடைக்கும் ஊர்களில் உலர்தீவனத்துக்கு அதைவிட நல்லது இல்லை. எதையும் கட்டாகத் தொங்கவிடலாம். தரையில் போட்டால் மிதித்து, மேலேயே சாணி போட்டு, பிறகு அதையே தின்னும்.

6. கன்றுக்குக் கூடாதவை:
பருத்திக்கொட்டை. கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டி வைப்பதைக் கன்றும் நக்கும். அதிலுள்ள காசிப்பால் என்னும் நஞ்சை முறிக்கும் திறன் அசைபோடும் பை வளராத கன்றுக்குக் கிடையாது. நாலு மாதம் தாண்டட்டும்.
யூரியா கலந்த தீவனமும் யூரியா தெளித்த வைக்கோலும்.
பூக்காத இளம் சோளப் பயிர். அதில் பெரிய மாட்டையே சாய்க்கும் சயனைடு நஞ்சு இருக்கும். வாடிய பயிரில் இன்னும் கவனம் வேண்டும்.
சோறு, பொங்கல். மாட்டுப் பொங்கல் அன்று ஆளுக்கொரு உருண்டையாக அன்போடு ஊட்டி, மறுநாள் வயிறு உப்பிப் படுத்துவிடும் மாடுகளும் கன்றுகளும் வருடந்தோறும் உண்டு. நெற்றியில் பொட்டு வைத்து, ஒரு வாய்ப் பொங்கலும் ஒரு வாழைப்பழமும் கொடுங்கள், போதும்.

7. எடையைக் கண்ணால் மதிக்க வேண்டாம். தையல் டேப் இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளக்கவும். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தை அளக்கவும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 33, நீளம் 30 என்றால் சுமார் 50 கிலோ. வாரம் ஒருமுறை அதே நேரத்தில் அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். பால் குறைக்கும் வாரங்களில் இந்த எழுத்துதான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

8. பால் நிறுத்தலாமா என்பதை மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த அடையாளங்களைப் பாருங்கள்: கலப்பினக் கன்றானால் தொடர்ந்து மூன்று நாள் நாளைக்கு ஒரு கிலோ தீவனம் தின்கிறது, சிறிய நாட்டுக் கன்றுக்கு அரை முதல் முக்கால் கிலோ. படுத்திருக்கும்போது அசைபோடுகிறது. பிறந்த எடையைப் போல இரு மடங்கு ஆகியிருக்கிறது. சாணி இறுகலாக, இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறது. நன்றாகக் கவனித்த கலப்பினக் கன்று இரண்டரை, மூன்று மாதத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் இன்னும் சில வாரம் பால் கொடுங்கள். அந்தப் பாலுக்கான பணம் கிடேரி ஈன்றபின் திரும்பி வரும்.

9. சில நாட்கள் இதற்கு ஆகாது. கத்திரி வெயிலில் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் வேண்டாம். கோமாரித் தடுப்பூசி முதல்முறை நான்காம் மாதத்தில் போடுவார்கள். கிடேரிக் கன்றுக்குக் கருச்சிதைவு நோய்க்கான ஊசி நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரே ஒருமுறை. ஊசி போட்ட வாரமும் பால் நிறுத்தும் வாரமும் ஒன்றாகிவிடக் கூடாது. கொம்பு சுடுவதை முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒரு வேதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வாரமாவது கன்றுக்கு ஓய்வு வேண்டும்.

10. வாளியில் பால் கொடுப்பவர்களுக்கு எளிய கணக்கு: முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. தாயிடம் ஊட்டவிடும் வீடுகளில் காம்புக் கணக்கு: முதலில் இரண்டு காம்பு, பிறகு ஒன்று, அதன் பிறகு கறந்து முடித்த மடியில் இருக்கும் மிச்சப்பால். பின் காம்புகளில்தான் பால் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். கன்றுக்கு விடுவதை எப்போதும் முன் காம்பாகவே பார்த்துக்கொள்வது அதன் பங்கைக் குறைப்பதாகும். காம்பை மாற்றி மாற்றி விடுங்கள். கறந்தபின் கன்று ஒட்டக் குடிப்பதால் மடிநோயும் குறையும்.

11. எனக்கு மிகவும் பிடித்த முறை நம் பாட்டிமார் கடைப்பிடித்த இரவுப் பிரிப்பு. மாலையில் கன்றைத் தனிப் பட்டியில் அடைத்து, காலையில் கறந்துகொண்டு, பிறகு தாயோடு அவிழ்த்துவிடுவது. வீட்டுக்கும் பால், கன்றுக்கும் பால். கன்றுக்குத் தாயில்லாமல் இரவைக் கழிக்கும் பழக்கமும் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. பட்டியில் தீவனமும் தண்ணீரும் இருந்தால், பசித்த விடியற்காலையில் தானாகவே தின்னத் தொடங்கும். பிறகு பகலில் சேர்ந்திருக்கும் நேரத்தை அரை நாளாக, இரண்டு மணி நேரமாக, கறக்கும் பொழுது மட்டுமாகச் சுருக்கிக்கொண்டே வந்தால், கடைசிப் பிரிவில் அதிக அழுகை இருக்காது.

12. நாட்டு மாடு வேறு கணக்கு. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் போன்றவை கன்று முட்டாமல் பால் இறக்குவது அரிது. கன்றின் தொடுகையில்தான் பாலிறக்கும் ஆக்சிடோசின் சுரக்கிறது. அது ரத்தத்தில் வேலை செய்வது ஐந்து, ஏழு நிமிடம்தான். அதற்காக அதே மருந்தை ஊசியாகப் போடுவது மாட்டை வதைப்பது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 பாலுக்காக ஊசி போடுவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு லிட்டர் பாலுக்காக நாட்டுப் பசுவிடமிருந்து கன்றை முற்றாகப் பிரிக்காதீர்கள் என்பதே என் கருத்து. கன்றை அளவோடு ஊட்டவிட்டுக்கொண்டே இருங்கள். அடுத்த சினை முற்றும் பருவத்தில், பெரும்பாலும் ஏழெட்டு மாதத்தில், தாயே காலை உதைத்து, கொம்பால் தள்ளி விலக்கிவிடும்.

13. கன்று தள்ளியிருந்தாலும் மாடு பால் இறக்கப் பழக வேண்டுமானால்: கறப்பவர் மாறக் கூடாது, நேரம் மாறக் கூடாது. முன்னால் தீவனம் வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிடம் நன்றாகத் தடவிக் கொடுங்கள். காம்பு விறைத்ததும் உடனே கறந்து முடியுங்கள். அதட்டல், அடி, புது நாய், புது ஆள் எல்லாம் பாலை மேலே இழுத்துவிடும். தொடக்கத்தில் கன்று கண்ணில் படுகிற தூரத்தில் கட்டியிருக்கட்டும்.

14. வாளியில் குடிக்கப் பழக்க: சுத்தமாகக் கழுவிய இரண்டு விரலைக் கன்றின் வாயில் கொடுங்கள். சப்பத் தொடங்கியதும் கையை மெதுவாகப் பாலுக்குள் இறக்குங்கள். குடிக்கும்போது விரலை உருவுங்கள். மூக்கு முங்கக் கூடாது. தலையை அமுக்கவே கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். பால் உடல் சூட்டில் இருக்கட்டும். ஆறிய பால் கழிச்சலில் முடியலாம்.

15. ஒரே நாளில் பாலையும் தாயையும் சேர்த்துப் பறிக்காமல் இரண்டு படியாகச் செய்வது நல்லது. முதலில் தாயோடு இருக்கட்டும், ஆனால் குடிக்க முடியாதபடி மூக்கில் பிளாஸ்டிக் தகடு மாட்டுங்கள். தலையைக் குனிந்து மேயலாம், அண்ணாந்து காம்பைப் பிடிக்க முடியாது. நான்கைந்து நாள் கழித்துத் தகட்டைக் கழற்றிப் பிரித்துக் கட்டுங்கள். கனடாவின் சஸ்காட்செவன் பகுதியில் நடந்த ஆய்வுகளில் இப்படிப் பிரித்த கன்றுகள் கத்துவதும் அலைவதும் வெகுவாகக் குறைந்தன. தகடு கிடைக்காவிட்டால் நம் வாய்க்கூடு போதும். தின்னும் நேரத்துக்கும் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்கும் மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும். முள்ளும் ஆணியும் வைத்துக் கட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். தாயின் மடியைக் கிழித்து, கன்றுக்குத் தாயிடம் உதையும் வாங்கித் தரும்.

16. பிரித்த பிறகும் வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக இருக்கட்டும். முகர்ந்து நக்கிக்கொள்ள முடிய வேண்டும், மடி எட்டக் கூடாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வேலியோரம் வைத்த கன்றுகள் முழுக்கப் பிரிக்கப்பட்டவற்றைவிடக் குறைவாகக் கத்தின. எடையும் அதிகம் கூடியது. நாலு மூங்கில் படல் இருந்தால் நம் தொழுவத்திலும் முடியும். இடத்தை மாற்றுவதானால் தாயை மாற்றுங்கள். கன்று தனக்குப் பழகிய இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கன்றோ ஆட்டுக்குட்டியோ இருந்தால் துணை.

17. கசப்பால் கன்று குடிக்காமல் விலக, மடியில் தடவ வேப்பெண்ணெய் அல்லது அரைத்த வேப்பிலை போதும். கறக்கும் முன் வெந்நீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். மிளகாய், எருக்கம்பால், பினாயில் கூடவே கூடாது. சாணி தடவுவதும் மடிநோய்க்கு வழி.

18. முதல் இரண்டு மூன்று இரவு இரண்டும் கத்தும். வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. "பாவம்மா, இந்த ஒரு தடவ அவுத்துவிட்டுருவோம்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நிறுத்துவதாக முடிவு செய்த பிறகு இடையில் அவிழ்த்துவிட்டால், கத்தினால் பால் வரும் என்றே கன்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் நீளும். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளையே கன்றிடம் அனுப்புங்கள். கழுத்தடியைத் தடவட்டும், அகத்திக் கிளையைக் கையில் ஊட்டட்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் தீவனம் தொடாமல் படுத்தே கிடந்தால் அது ஏக்கம் மட்டுமல்ல, காய்ச்சலும் பார்க்க வேண்டும்.

19. தாயின் மடியைக் கவனியுங்கள். கன்று குடித்துவந்த பால் இப்போது மடியில் தங்கும். கறவையைத் தொடர்வதானால் ஒட்டக் கறந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி, நீர்த்தன்மை இருக்கிறதா என்று பாருங்கள். மடி சூடாக, கல்லுப்போல் இருந்தால் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைப் பூச்சு கைகொடுக்கும்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கையளவு எடுத்து நீர் விட்டுக் கரைத்து, கறந்த மடியைக் கழுவி நாளுக்குப் பத்து முறை பூசுங்கள். ஐந்து நாள் தொடர வேண்டும். மாடு தீவனம் எடுக்காவிட்டால் காத்திருக்காமல் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்து மருத்துவரை வரவழையுங்கள்.

20. குடற்புழுவோடு இருக்கும் கன்றுக்குப் பால் நிறுத்துவது கொடுமை. பெரிய உருண்டைப் புழுவின் குஞ்சுகள் தாய்ப்பால் வழியாகவே வருவதால், எருமைக் கன்றுக்கு மட்டுமல்லாமல் பசுக் கன்றுக்கும் இரண்டாவது வாரத்தில் முதல் மருந்து. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. எடையைச் சொல்லிக் கால்நடை மருந்தகத்தில் அளவு கேட்டு வாங்குங்கள். பால் நிறுத்திய வாரங்களில் சாணியில் ரத்தமும் சளியும் கலந்து, முக்கிக்கொண்டே இருந்தால் அது ரத்தக் கழிச்சல். தரை ஈரமாக இருக்கும் பட்டியில் அதிகம் வரும். படுக்கும் இடத்தைக் காயவைத்துச் சுண்ணாம்பு தூவுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

21. பால் போன கன்றுகள் ஒன்றின் காதை, தொப்புளை, மடியை இன்னொன்று சப்பும். கிடேரியின் பிஞ்சு மடி இதனால் கெட்டு, ஈன்றபின் ஒரு காம்பு குருடாகிப்போவதுண்டு. பால் அல்லது தீவனம் கொடுத்தபின் வாயைத் துடைத்து, கொஞ்சம் உப்பு தடவி, ஒரு மணி நேரம் தனித்தனியே கட்டினால் பழக்கம் விட்டுப்போகும். தாது உப்புக் கட்டியைத் தொங்கவிட்டால் மண் தின்பதும் குறையும்.

22. காளைக் கன்றுக்கும் இவை அத்தனையும் உண்டு. கிடேரிக்கு இரண்டு காம்பு, காளைக்கு நக்கிப்பார்க்க மடி என்று பிரிக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விற்பதாக இருந்தாலும் தீவனம் தின்னக் கற்ற பிறகே விற்கவும். பால்குடிக் கன்றாகச் சந்தைக்குப் போவது பிழைப்பதே சிரமம்.

23. கன்று இடைவிடாமல் ஊட்டிக்கொண்டிருந்தால் தாய் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். ஈன்ற இரண்டு மூன்று மாதத்தில் சினை ஊசி போட நினைப்பவர்கள் ஊட்டும் நேரத்தை அதற்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். பால் நிறுத்திய சில நாட்களில் கத்தல் அடங்கிய பிறகு மாடு மறுபடி கத்தினால், கன்றை நினைத்துக் கத்துகிறது என்று விட்டுவிடாதீர்கள். பருவத்துக்கு வந்திருக்கலாம்; வாலடியில் கண்ணாடிபோல் வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

24. பால் மறந்த கன்றை ஒரு மாதத்துக்குள் தாயோடு மேய்ச்சலுக்கு விட வேண்டாம். சில கிடேரிகள் வளர்ந்த பிறகும் மறக்காமல் போய் முட்டும். அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பு பாலை வற்றவிடும்போது பெரிய கன்றைக் கட்டாயம் வேறிடத்தில் கட்டுங்கள். இரவில் கயிறு அவிழ்ந்துபோய் மூத்தது மடியைக் காலி செய்துவிட்டால், விடிகாலையில் பிறக்கும் கன்றுக்குச் சீம்பால் மிஞ்சாது. ஈற்று நெருங்கும் வாரத்தில் படுக்கப் போகும் முன் அந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.